பின்கழுத்தில் ஐந்து விரல்

"ஏ மணி, இன்னாடி, ரெண்டு விரலா மூணு விரலா? முடி மறைக்குது."

"மூணுக்கா."

"கொண்ட போட்டுகினு வான்னு எத்தினி வாட்டி சொல்றது ஒனக்கு? பின்னல எடுத்து முன்னால போடு" என்று பின்னாலிருந்து ராணியம்மாள் மைக்கைப் பொத்திக்கொண்டு கிசுகிசுத்தாள்.

மணிமொழி பின்னலை எடுத்து மார்பில் போட்டுக்கொண்டாள். தலையைத் திருப்பாமல் பின்கழுத்தில் மறுபடி மூன்று விரலை வைத்தாள். அவளுக்குப் பின்னால் நான்கு மவுஸ் தட்டும் சத்தம் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டது. ஐந்து பேரும் அந்தப் பாட்டுக்கு மூன்று ஸ்டார் போட்டாகிவிட்டது.

கள்ளக்குறிச்சி துருகம் சாலையில் ஓர் உரக்கடைக்கு மேல்மாடி. வெளிச் சத்தம் வரக் கூடாது என்று இரண்டு ஜன்னலையும் முட்டை அட்டை ஒட்டி அடைத்திருந்தார்கள். கதவைச் சாத்திவிட்டால் வெளியே மழையா வெயிலா என்று தெரியாது. கீழேயிருந்து பூச்சிமருந்து வாசனை மட்டும் படியேறி வந்துவிடும். உள்ளே ஐந்து கம்ப்யூட்டர், ஐந்து ஹெட்போன், ஐந்து பெண்கள். பம்பாயில் பாட்டு ஆப் நடத்தும் ஒரு கம்பெனிக்காக, புதிதாக வருகிற இந்திப் படங்களின் பாட்டுகளைக் கேட்டு மார்க் போடுகிற வேலை. ஒவ்வொரு பாட்டையும் முழுசாகக் கேட்க வேண்டும். நடுவில் தள்ளிவிட்டால் கம்ப்யூட்டர் காட்டிக்கொடுத்துவிடும். முடிந்ததும் ஒன்றிலிருந்து ஐந்துவரை ஸ்டார். பிறகு மைக்கில் இரண்டு வரி அபிப்பிராயம், தமிழிலேயே சொல்லலாம்.

அபிப்பிராயம் சொல்வதில் ராணியம்மாளை மிஞ்ச ஆள் கிடையாது. ஐம்பத்து நான்கு வயது. இருபது வருஷம் கல்யாண வீடுகளில் சமையலுக்குப் போனவள். வயதானவர்களுக்கும் பாட்டு பிடிக்கிறதா என்று பார்க்க கம்பெனி ஓர் ஆள் கேட்டதால் வந்து சேர்ந்தாள்.

"இந்தப் பாட்ட பந்தி நடக்கறப்ப போட்டா, ஜனம் எலையோட எந்திரிச்சி ஓடிடும். மாப்ள பொண்ணு மேடைக்கு வர்றப்ப போடலாம். அப்போ யாரும் பாட்ட கேக்க மாட்டாங்க" என்று மைக்கில் சொல்லி முடித்து, ஹெட்போனைக் கழற்றித் தொடையில் வைத்தாள்.

"ராணிக்கா, போன வாரமும் இதேதான் சொன்னீங்க" என்றாள் இசைவாணி. வெள்ளிமலைக்குப் பக்கத்து மலைக் கிராமத்திலிருந்து விடியற்காலை முதல் பஸ் பிடித்து, வளைவு வளைவாக இறங்கி, கச்சிராயபாளையம் வழியாக வந்து சேர்கிற இருபத்திரண்டு வயதுப் பெண்.

"போன வாரமும் இதே பாட்டுதான்டி போட்டான். பேர மாத்தி, சட்டைய மாத்தி அனுப்புறான். இன்னாத்த புதுசா சொல்றது?"

மணலூர்பேட்டை அக்கா தங்கச்சி இரண்டு பேரும் சிரித்தார்கள். அவர்கள் எல்லாவற்றுக்கும் சேர்ந்தே சிரிப்பார்கள். மணிமொழி சிரிக்கவில்லை. அவள் முன்வரிசையில் தனியாக, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அந்த இடத்தை மாற்றிக்கொள்ள அவளால் முடியாது. பின்னால் இருக்கும் நான்கு பேரின் பிழைப்பும் அவள் கழுத்தில் இருந்தது.

இந்தக் கழுத்து வேலை ஆரம்பத்தில் இல்லை. முதல் மாதம் அவரவர் காதில் கேட்டதற்கு அவரவர் மார்க். அந்த அறையை எடுத்து நடத்தும் வெங்கடேசன் சார், திருக்கோவிலூர்க்காரர், ஒருநாள் முகம் செத்துப்போய் வந்து நின்றார்.

"ஒரே பாட்டுக்கு ஒருத்தர் அஞ்சு, ஒருத்தர் ஒண்ணு. இப்படிப் போட்டா எப்படிங்க? உங்க சென்டர்ல காதுல கேட்டுப் போடறாங்களா, கண்ண மூடிகினு போடறாங்களான்னு பம்பாய்ல கேக்கறான்."

"பாட்டு கேக்கறப்ப கண்ண மூடுனா தப்பா சார்?" என்றாள் ராணியம்மாள்.

"ஒத்துப்போவணும்மா. அஞ்சு பேர் மார்க்கும் கிட்டக் கிட்ட இருக்கணும். இல்லன்னா அடுத்த மாசம் நானும் நீங்களும் வூட்டுக்குப் போவ வேண்டியதுதான்."

அன்று சாப்பாட்டு நேரத்தில் ராணியம்மாள் வழி கண்டுபிடித்தாள். "நம்ம நாலு பேருக்கும் இந்தி ஒரு எழுத்து தெரியாது. மணி பம்பாய்ல பொறந்து வளந்தவ. அவ போடறதையே நாமளும் போட்டா இன்னா?"

"பேசக் கூடாதேக்கா. பாட்டு ஓடறப்ப மைக் தொறந்தே இருக்குதே" என்றாள் இசைவாணி.

"வாயால எதுக்குப் பேசணும்? கம்ப்யூட்டர்ல இருக்கற கேமரா அவ மூஞ்சியத்தான பாக்குது. கழுத்த நாமதான பாக்கறோம்?"

அப்படித் தொடங்கியது. பாட்டு முடியும்போது மணிமொழி கழுத்தில் எத்தனை விரலோ அத்தனை ஸ்டார். அபிப்பிராயம் மட்டும் அவரவர் இஷ்டம். அடுத்த மாதம் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு ஒத்துப்போனது. வெங்கடேசன் ஆளுக்கொரு டைரி மில்க் வாங்கிக் கொடுத்தார்.

ஒரே ஒரு சங்கடம், பாட்டு ஓடும்போது மணிமொழி கழுத்தைச் சொறிய முடியாது. ஒருநாள் மறந்துபோய்க் கொசுவை அடித்துவிட்டாள். கார் ஹாரனை வைத்துப் போட்ட ஏதோ ஒரு பாட்டு. பளீரென்று ஐந்து விரல். நான்கு மவுஸும் ஐந்தைத் தட்டின. வேறு வழியில்லாமல் அவளும் ஐந்தையே தட்டினாள். அடுத்த வாரம் அந்தப் பாட்டு ஆப்பில் மேலே ஏறி உட்கார்ந்திருந்தது.

"கொசு கேட்டுப் போட்ட மார்க்கு" என்று ராணியம்மாள் ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

பிறகுதான் அந்தச் சான்றிதழ் வந்தது. லேமினேட் செய்து சுவரில் மாட்டினார் வெங்கடேசன்.

"இந்தியாவுலயே இவ்ளோ ஒத்துப்போற சென்டர் வேற இல்லியாம். இனிமே எல்லா ஊருக்கும் நம்ம மார்க்குதான் ஆன்சர் கீ."

"அப்டின்னா?"

"நம்ம போடறதுதான் சரி. பாட்னாவோ நாக்பூரோ, நம்ம மார்க்குக்கு ஒண்ணுக்கு மேல ஏறியோ எறங்கியோ போட்டாங்கன்னா அது தப்பு. மூணு தப்பு ஆச்சின்னா அவங்களுக்கு வேல இல்ல."

"இந்திக்காரங்களே இந்திப் பாட்டுக்குத் தப்பா போடறாங்களா!" என்று அக்கா தங்கச்சி வியந்தார்கள்.

 அதற்குப் பிறகு மணிமொழியின் கழுத்தில் பெரும்பாலும் மூன்று விரல்தான். மூன்று போட்டால் யாருக்கும் பெரிய சேதம் இல்லை. பாட்டையும் அவ்வளவாகக் கேட்பதில்லை. காதுக்குள் ஓடிக்கொண்டிருக்கும், எத்தனை நிமிஷம் மிச்சம் என்று மட்டும் பார்த்துக்கொண்டிருப்பாள்.

கார்த்திகை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்று. காலை பதினோரு மணிக்கு வெங்கடேசன் கதவைத் திறந்து, "மணிமொழி, கொஞ்சம் வாங்க" என்றார். அவருடைய அறை என்பது படிக்கட்டுக்குப் பக்கத்தில் பிளைவுட் அடித்த ஒரு தடுப்பு.

"பம்பாய் சென்டர்ல இருந்து ஒரு புகார், வாய்ஸ் மெசேஜா வந்துருக்கு. இந்தில இருக்குது. இன்னா சொல்லுதுன்னு கேட்டுச் சொல்லுங்க."

அவர் போனை நீட்டினார். ஒரு பெண்ணின் குரல். பின்னால் ரயில் ஒன்று போகிற சத்தம். அது போய் முடியும்வரை அந்தப் பெண் பேச்சை நிறுத்தி, பிறகு தொடர்ந்தாள். ரயில் பாதை ஓரம் வாழ்கிறவர்கள் அப்படித்தான் பேசுவார்கள். மணிமொழிக்குத் தெரியும். பதினேழு வயதுவரை அவளும் அப்படித்தான் பேசியிருக்கிறாள்.

"இன்னாங்க சொல்லுது?"

"'எம் பேரு சுனந்தா. மூணு வாட்டி கேட்டுட்டேன். இந்தப் பாட்டுக்கு அஞ்சுக்குக் கம்மியா போட எனக்கு மனசு வரல. ஒண்ணு போட்டவங்க யாரோ, அவங்க காரணத்தச் சொல்லட்டும். சரியா இருந்தா ஒத்துக்கறேன்.' அவ்ளோதான் சார்."

"அதுக்கு இது மூணாவது தப்பு. அதான் காரணம் கேக்குது. நாலு மணிக்குள்ள நீங்களே இந்தில ஒரு காரணம் பேசி அனுப்பிடுங்க. மெட்டு சரியில்ல, கொரல் சரியில்ல, எதையாவது சொல்லுங்க. சொல்லிட்டா முடிஞ்சிது."

"முடிஞ்சிதுன்னா, அந்தம்மாவுக்கு வேல போயிடுமா சார்?"

"நம்ம இன்னாங்க பண்றது? அது அங்க இருக்கற சட்டம்."

"எந்தப் பாட்டு சார்?"

அவர் பெயரைச் சொன்னார். மணிமொழி இன்னொரு முறை கேட்டாள், அதே பெயர்தான்.

சாப்பாட்டு நேரம். ஐந்து பேரும் தரையில் பழைய பேனர் விரித்து உட்கார்ந்தார்கள். இசைவாணியின் டிபனில் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும். ராணியம்மாள் கேட்காமலே ஒரு பிடி எடுத்துக்கொண்டு தன் புளிச்சோற்றைத் தள்ளி வைத்தாள். மணிமொழி டப்பாவைத் திறக்கவில்லை.

"இன்னாடி ஆச்சி? சார் திட்டுனாரா?"

"ஆடி மாசம் ஒரு பாட்டுக்கு ஒண்ணு போட்டோம் இல்லியாக்கா. கொடம்னு வருமே."

"எனக்கு எந்தப் பாட்டு தெரியுது? உன் கழுத்துதான் தெரியுது."

"ஒரே ஒரு பாட்டுக்குத்தாங்க்கா ஒண்ணு போட்டோம். எனக்கு ஞாபகம் இருக்குது" என்றாள் இசைவாணி. "அன்னிக்கி எனக்கே ஒரு மாதிரி இருந்துச்சி. நல்லாதான இருக்குது, ஏன் ஒரு வெரல் காட்டறாங்கன்னு."

"அந்தப் பாட்ட நான் கேக்கவே இல்ல."

மணிமொழி டப்பாவை ஓரமாகத் தள்ளிவைத்தாள்.

"எங்கம்மா ஆனி மாசம் பம்பாய்ல செத்துப் போச்சில்ல. சேதி வந்தன்னிக்கி, நீ போய்ச் சேர்றதுக்குள்ள எடுத்துடுவாங்கன்னு எங்க வூட்டுக்காரர் சொன்னார். மாமியாரும் அதேதான். சரின்னு இங்கியே தல முழுவிட்டு, காரியம் முடிச்சிட்டு, பதினேழாம் நாள் வேலைக்கு வந்தேன். மொத பாட்டு அதுதான். மொத வரியே தண்ணி வரிசையில நிக்கிற கொடம். எங்க சந்துல விடியக்காலம் மூணு மணிக்கி ஆள் நிக்க மாட்டாங்க, கொடம்தான் நிக்கும். எங்கம்மா கொடத்துல செவப்பு பெயிண்ட்ல ஒரு கோடு போட்டிருக்கும். அந்த வரிய கேட்டதும் சத்தத்த சுத்தமா கொறைச்சிட்டேன். நாலு நிமிஷம் சும்மா சொவத்த பாத்துகினு இருந்துட்டு ஒரு வெரல் வெச்சேன். இனிமே என் கண்ணு முன்னால வரவே கூடாதுன்னு."

அக்கா தங்கச்சியில் தங்கச்சி மூக்கை உறிஞ்சினாள். மணிமொழி புகார் விஷயத்தைச் சொன்னாள். சுனந்தா கேட்டதைச் சொன்னாள். நாலு மணி கெடுவைச் சொன்னாள்.

"இப்ப நீ இன்னா பண்ணப் போற?" என்றாள் ராணியம்மாள்.

"கேக்காம போட்டுட்டேன்னு சொல்லிடட்டுமா?"

"சொல்லு. ஒருத்தி கேக்காம போட்டா, மத்த நாலு பேர் எப்படி அதே ஒண்ணு போட்டீங்கன்னு அடுத்து கேப்பான். கழுத்து வெளிய வரும். ஒனக்கு மட்டும் போவாது, அஞ்சு பேருக்கும் போவும். அந்த சாருக்கும் போவும்."

"அக்கா, வேணாங்க்கா." இசைவாணி சோற்றுக் கையோடு மணிமொழியின் முழங்காலைத் தொட்டாள். "இந்த வேல இல்லன்னா எங்க அண்ணன் என்னிய திருப்பூருக்கு அனுப்பிடும். மில்லுக்கு. ஆஸ்டல்ல பூட்டி வெச்சிடுவாங்களாம், தீபாவளிக்குத்தான் வெளிய வுடுவாங்களாம். இங்கன்னா தெனமும் ராத்திரிக்கு வூடு போய்ச் சேர்றேன்."

"அந்தம்மாவும் இப்படித்தானடி யார்கிட்டியோ சொல்லிகினு இருக்கும்."

"அந்தம்மாவ நீங்க பாத்ததே இல்லியேக்கா. என்னிய தெனமும் பாக்கறீங்க."

 இசைவாணி சொன்னதில் பொய் இல்லை. ராணியம்மாள் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"தோ பார். பாட்ட மறுபடி போடச் சொல்லு. மறுபரிசீலனைன்னு ஒண்ணு இருக்குது இல்ல? நீ அஞ்சு காட்டு. நாங்களும் அஞ்சு போடறோம். மொதல்ல புரியல, இப்ப கேக்கக் கேக்கப் புடிச்சிப் போச்சின்னு சொல்லிக்கலாம். நாம போடறதுதான சரி? அஞ்சு சரின்னா அந்தம்மாவும் சரி. யாருக்கும் சேதம் இல்ல."

"ராணிக்கா, நீங்க வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம்" என்றாள் மணலூர்பேட்டை அக்கா.

"படிச்சிருந்தா உங்கூட உக்காந்து சாமச் சோறு தின்னுகினு இருப்பனா?"

வெங்கடேசனுக்கும் இந்த யோசனை பிடித்திருந்தது. காரணம் பேசுவதைவிட மார்க்கை மாற்றுவது சுலபம். இரண்டு மணிக்கு ஐந்து திரையிலும் அந்தப் பாட்டு வந்தது.

மணிமொழி இந்த முறை சத்தத்தைக் குறைக்கவில்லை.

பெரிய வாத்தியம் எதுவும் இல்லை. பாடியவள் புதுசு போலிருந்தது. குரலில் தூக்கம் கலையாத ஒரு கரகரப்பு. என் குடம் வரிசையில் நிற்கிறது, அதைத் தள்ளாதீர்கள், நான் பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று முதல் அடி. இரண்டாவது அடியில் வரிசை நகர்கிறது, ஆள் வரவில்லை. பக்கத்துக் குடத்துக்காரி காலால் அதைத் தள்ளித் தள்ளி முன்னால் கொண்டுபோகிறாள். கடைசியில் தண்ணீர் நிற்கப்போகிறது. யாரோ ஒருத்தி தன் குடத்தை ஒதுக்கிவிட்டு வராதவளின் குடத்தை நிரப்புகிறாள். அவ்வளவுதான் பாட்டு. வராதவள் என்ன ஆனாள் என்று சொல்லவே இல்லை.

மணிமொழி திரையில் மிச்ச நிமிஷத்தைப் பார்க்கவில்லை. பாட்டு முடிந்து ஒரு மூச்சு நேரம் கழித்துத்தான் கழுத்து நினைவுக்கு வந்தது. கையை எடுத்துப்போய், விரல்களை நன்றாக விரித்து, ஐந்தும் படும்படி அழுத்தி வைத்தாள். 

பின்னால் மூன்று சத்தம் கேட்டது. சற்றுப் பொறுத்து நான்காவது.

அபிப்பிராயத்துக்கு ராணியம்மாள் தொண்டையைச் செருமினாள். "பாட்டு நல்லாருக்குது" என்றாள் மைக்கில். பிறகு இரண்டாவது வரி வரவில்லை. "அவ்ளோதான்" என்று முடித்துக்கொண்டாள்.

மூன்று மணிக்கு வெங்கடேசன் சிரித்த முகத்தோடு கதவைத் திறந்தார்.

"அஞ்சுக்கு அஞ்சு. சுத்தமா ஒத்துப் போச்சி. கீ மாறிடிச்சி, அந்தப் பாட்டுக்கு இனிமே அஞ்சுதான் சரி. தப்ப தானே கண்டுபுடிச்சி திருத்திக்கற சென்டர்னு பம்பாய்ல பெருமையா எழுதியிருக்கான்."

"அப்பாடா" என்றாள் ராணியம்மாள். "அந்தம்மா பொழச்சிது."

"எந்தம்மா? ஓ, அதுவா." அவர் போனைப் பார்த்தார். "அதுக்கும் தப்புன்னுதான் வந்துருக்குது."

"எப்படி சார்? அந்தம்மா அஞ்சுதான போட்டுச்சி?"

"காலையில அஞ்சு. மத்தியானம் ஒண்ணுன்னு மாத்திடிச்சி. அவங்க சூப்பர்வைசர் இன்னா சொன்னாரோ. இன்னொரு வாய்ஸ் கூட வந்துருக்குது, பாருங்க. அது மட்டும் இல்ல, ஆறு ஊர்ல முப்பத்தெட்டு பேர் நம்ம மார்க்குக்குப் பயந்து ஒண்ணுன்னு மாத்தியிருந்தாங்களாம். இப்ப எல்லாம் தப்புல போயிடிச்சி."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். போனில் மறுபடி அந்தக் குரல் ஓடியது. இந்த முறை பின்னால் ரயில் இல்லை, ஒரு மின்விசிறி மட்டும் சுற்றியது. ஆபீசில் உட்காரவைத்துப் பேசச் சொல்லியிருப்பார்கள். நான்கு பேரும் மணிமொழியின் முகத்தைப் பார்த்தார்கள்.

"சொல்லுடி. இன்னா சொல்லுது?"

"'நாந்தான் தப்பா போட்டுட்டேன். இன்னொரு வாட்டி கேட்டேன். பாட்டு நல்லா இல்ல. ஒண்ணுதான் சரி. மன்னிச்சிக்கங்க.'"

வெங்கடேசன் போனை அணைத்தார்.

"அய்ய" என்றாள் ராணியம்மாள், யாரிடம் என்றில்லாமல்.

"அந்தம்மாவுக்கு ஒரு பதில் மட்டும் போட்டுடுங்க மணிமொழி, நாலு மணிக்குள்ள" என்றார் வெங்கடேசன். "உங்க மன்னிப்ப ஏத்துக்கிட்டோம், இனிமே கவனமா கேளுங்கன்னு சொன்னா போதும். பம்பாய் ஆபீசும் அதக் கேக்கும், மரியாதையா பேசுங்க."

தடுப்புக்குள் போய் நின்றாள். அவர் பக்கத்திலேயே நின்று, போனில் சிவப்புப் புள்ளியை அழுத்தி அவள் வாய்க்கு நேராகப் பிடித்தார்.

மணிமொழி பேசத் தொடங்கினாள். பன்னிரண்டு வருஷமாக யாரிடமும் பேசாத இந்தி. சந்தில் பேசிய இந்தி. முதலில் தடுக்கியது. அப்புறம் தானாக வந்தது. சுனந்தா அக்கா, நீங்கள் காலையில் போட்டதுதான் சரி. ஒன்று போட்டது நான். பாட்டைக் கேட்காமல் போட்டேன். என் அம்மா செத்த துக்கத்தில் போட்டேன். இங்கே ஐந்து பேர் இல்லை, நான் ஒருத்திதான். மற்றவர்கள் என் கழுத்தைப் பார்த்துப் போடுகிறார்கள். ஆபீசில் இதைக் கேட்கிறவர்களே, எங்கள் மார்க்கை வைத்து யாரையும் வேலையைவிட்டு எடுக்காதீர்கள். அவர்களை ஒன்றும் சொல்லாதீர்கள், இந்த வழிக்கு ஒத்துக்கொண்டது நான்.

முடித்து உதட்டைத் துடைத்துக்கொண்டாள்.

"மன்னிப்ப ஏத்துக்கிட்டோம்னு சொல்ல இவ்ளோ நேரமா?" என்றார் வெங்கடேசன்.

"இந்தில கொஞ்சம் நீளமா வரும் சார்."

அவர் தலையாட்டிக்கொண்டு அனுப்பினார். போனில் ஒரு டிக் விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது.

"இன்னிக்கி வெள்ளிக்கெழம. திங்கக்கெழமதான் கேப்பாங்க" என்று அவர் சொல்லிக்கொண்டே போனைப் பையில் போட்டார்.

அவள் வந்து உட்கார்ந்தபோது ஐந்து திரையிலும் அடுத்த பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவளுடையது பாதியில். ஹெட்போனை மாட்டினாள். ஏதோ ஆட்டப் பாட்டு. ராணியம்மாள் நாற்காலியை முன்னால் இழுத்து, மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, அவள் காதோரத்து ஸ்பான்ஜை விலக்கினாள்.

"இன்னா சொன்ன?"

"எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

"எல்லாத்தையும்னா?"

"கழுத்து வரைக்கும்."

 ராணியம்மாளின் மூச்சு மணிமொழியின் தோளில் பட்டது. அடித்துவிடுவாளோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

"நாலு பேர கேக்காம நாலு பேருக்கும் மார்க் போட்டுட்ட" என்றாள் கடைசியில்.

"ஆமாக்கா."

"எப்பவும் போல."

"ஆமாக்கா."

"திங்கக்கெழம வரைக்கும் அந்தப் பொண்ணுகிட்ட சொல்லாத. ரெண்டு நாளாவது மலையில நிம்மதியா தூங்கட்டும்." நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். தள்ளிக்கொண்டே, "கழுத்த காட்டு. பாட்டு முடியப் போவுது" என்றாள்.

பாட்டை மணிமொழி கேட்கவில்லை. பாதிதான் காதில் விழுந்தது, அதிலும் பாதி மண்டையில் ஏறவில்லை. திரையில் பத்து விநாடி மிச்சம். ஒன்பது. கை தானாகக் கழுத்துக்குப் போனது. மூன்று விரல்.

ஒரு சத்தம். இரண்டு. மூன்று.

நான்காவது வரவில்லை.

திரும்பக் கூடாது. இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து பாட்டுக்கு நடுவில் அவள் திரும்பியதே இல்லை. திரும்பினாள். இசைவாணி மவுஸின் மேல் கையை வைத்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூணாக்கா?" வாயசைவில்தான் கேட்டாள். "எனக்கு ரெண்டுதான் தோணுது."

"ஏ, சும்மா இருடி" என்றாள் ராணியம்மாள், அதே வாயசைவில். "இருக்கறதையும் கெடுத்துகினு."

"நீ பாட்ட கேட்டியா?" என்றாள் மணிமொழி.

"கேட்டேன். குடம் பாட்டுக்கு அப்புறம் இது காதுல நிக்கவே இல்ல."

"அப்போ ரெண்டு போடு."

"தப்புன்னு வந்துட்டா?"

"வரும்" என்றாள் மணிமொழி. "போடு."

இசைவாணி திரையைப் பார்த்தாள், சுவரில் இருந்த லேமினேட் சான்றிதழைப் பார்த்தாள், பிறகு மணிமொழியின் கழுத்தைப் பார்த்தாள். அங்கே கை இல்லை. மடியில் இருந்தது.

நான்காவது சத்தம் கேட்டது.